டாக்டர் இனிமேல் கொலைகாரர் இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் டாக்டர் வீட்டில் கிடைத்தது. கே.கே. நகரில், க்ளினிக் வராந்தாவில் முறை வரக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் இருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். வாயைத் திறக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அதனால் பேச ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துல எங்க ஆபீஸ்ல டிராமா ட்ரூப் இருந்தது சார். கொலைக் கதை. தலைமை தாங்க வந்த பெரிய மனுஷர் இடைவேளையிலேயே கொலைகாரன் யாருன்னு மைக்கில சொல்லிட்டார்."

"அப்புறம்?"

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. கையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஆக, எனக்குத் தெரிந்த உண்மை அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. இதற்கு மேல் எது நிஜம் என்று யாராவது ஆராய்ச்சி பண்ணினால், அவர் பல்கலைக்கழகத்தில் இருப்பவராகத்தான் இருப்பார்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தொடக்கம்: "மதுரை மாநகரின் மேல்தட்டு வர்க்கம் தன் பட்டுத் திரைகளுக்குப் பின்னால்"

வேண்டாம். அந்த மண்டபத்தில் மேல்தட்டு என்று சொல்லத் தகுந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் தொடக்கம்: "வானம் கருத்துக்கொண்டு வந்தது. எந்த நேரமும் மழை"

மே மாதத்து மதுரையில். எழுதின கையை நானே அடிக்க வேண்டும்.

மூன்றாம் தொடக்கம்: "நாகலக்ஷ்மி அழுதுகொண்டிருந்தாள்."

இது நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு நடப்போம்.

3

நாகலக்ஷ்மி அழுதுகொண்டிருந்தாள். அழுவதில் அவளுக்கு ஊருக்குள் நல்ல பெயர். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். சாயங்காலங்களில் பட்டாபிராமனின் நாடகக் குழுவில் ஆஸ்தான அழுகை. ஏமாந்த தங்கையாக அழுதிருக்கிறாள், காசநோய் வந்த காதலியாக இருமிக்கொண்டே அழுதிருக்கிறாள். எழுபத்தொன்பதாம் வருஷத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேலமாசி வீதிப் பக்கத்து மண்டபம் ஒன்றில், 'சந்திர விலாஸ் பங்களா' என்ற மர்ம நாடகத்தில், மில் முதலாளியின் மனைவியாக அழுதுகொண்டிருந்தாள்.

முதல் அங்கத்தில் அவள் புருஷனுக்குப் பால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாலைக் குடித்த புருஷன் செத்துப்போனான். யாரோ அதில் விஷம் கலந்திருக்கிறார்கள். அப்போது ஸோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தவள், மூன்றாம் அங்கம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை.

(ஸோபாவைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கும் சொல்ல முடியாது. அது ஆலை அதிபர் தனுஷ்கோடியின் வீட்டு ஸோபா. மேல்தட்டு நாடகத்துக்கு மேல்தட்டு ஸோபா வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவர் வீட்டிலேயே எடுத்ததில்லையாம். அதனால் நாகலக்ஷ்மி விசும்பும்போதெல்லாம் உறையும் கிறீச்சென்று விசும்பியது. வேலைக்காரன் வேஷம் போட்ட சுருளி ஒத்திகையிலேயே சொல்லிவிட்டான்: "டைப்பிஸ்டம்மா, ஒங்களவிட ஸோபா நல்லா அழுகுது.")

எழுதி, இயக்கி, இன்ஸ்பெக்டராகவும் நடித்த பட்டாபிராமன், மின்சார ஆபீஸ் ஹெட் கிளார்க். பங்களா ஒன்றை அவர் உள்ளே போய்ப் பார்த்தது ஸோபா கேட்கப் போன அன்றுதான். அதுவும் வராந்தா வரைக்கும். மற்றதையெல்லாம் ஊகித்து எழுதியிருந்தார். அவருடைய பணக்காரர்கள் தூங்கும்போதும் பட்டு அங்கி போட்டிருந்தார்கள். விடிந்ததும் விஸ்கி குடித்தார்கள் (காபி டிகாக்‌ஷன், பால் விடாதது). அவருடைய இன்ஸ்பெக்டர் தோட்டக்காரன் முதல் தம்பி வரை அத்தனை பேரையும் குடைந்து குடைந்து கேட்பார்; பாலைக் கொண்டுபோன எஜமானியை மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தொப்பியைக் கழற்றி, "உங்கள் துக்கத்தில் தொந்தரவு செய்ய விரும்பவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"ஏன் சார், என்னை ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறேள்?" என்று நாகலக்ஷ்மி ஒருநாள் கேட்டாள்.

"ஹை கிளாஸ் ஃபேமிலில லேடீஸைப் போலீஸ் விசாரிக்கப்படாதுடி. அதான் டீசன்ஸி."

இதைவிடப் பெரிய ஓட்டை ஒரு துப்பறியும் கதைக்கு இருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டோம். அந்தக் காலம் என்பது, ஆபீஸுக்கு ஒரு நாடகக் குழு இருந்த காலம். வீட்டுக்குள் டி.வி. வராததால் ஜனங்கள் சாயங்காலமானால் தெருவுக்கு வந்தார்கள். மல்லிகைப்பூவும் முகப்பவுடரும் கோலி சோடாவும் கலந்த ஒரு வாசனை மண்டபத்துக்குள் நுழையும்போதே முகத்தில் அடிக்கும். பெஞ்சில் இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டுப் போனால் துண்டு அங்கேயே இருக்கும். கொலை நடந்ததும் குழந்தைகள் அழும். யாராவது ஒரு அம்மா, "அழாதே, அந்த மாமா உள்ள காபி சாப்பிட்டுண்டிருக்கார்" என்று சமாதானம் சொல்லுவாள். (இப்படியே போனால் நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன். அழுவதற்கு இந்தக் கதையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.)

4

நாகலக்ஷ்மிக்கு அன்று ஒரு கவலை இருந்தது. அது இரண்டாவது வரிசையில், விசிறியோடு உட்கார்ந்திருந்தது. பெயர் அகிலாண்டம்.

அகிலாண்டத்தின் பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் பேங்க் வேலை. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு எல்லாம் ஆகிவிட்டது. இருபத்தாறு வயதுக்கு இதைவிட நல்ல வரன் இனி வராது என்று நாகலக்ஷ்மியின் அப்பா வீட்டில் ஒருநாளைக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கி இருந்தது நாடக விஷயம்தான்.

"நடிக்கறது ஒண்ணும் தப்பில்லே" என்றாள் அகிலாண்டம். "கல்யாணத்துக்கு அப்புறம் வேண்டாம், அவ்ளோதான். இப்போ என்ன வேஷம் போடறே?"

"பணக்கார ஆத்து எஜமானி மாமி. ஆம்படையான் போனதுக்கு அழணும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லே. அழறதுதான்."

"அப்போ கௌரவமான வேஷம்தான். நான் ஒருதரம் வந்து பார்த்துடறேன்."

பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆக, நாகலக்ஷ்மி மேடை ஏறும் கடைசி நாள் அதுதான். எத்தனையோ நாடகத்தில் அவள் அழுதிருக்கிறாள். யாராவது சாக வேண்டும், யாராவது ஏமாற்ற வேண்டும், அதன் பிறகு அவள். தானாக ஒரு காரியம் செய்கிற வேஷம் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டது

(இந்த வாக்கியத்தை இப்படி முடித்தால் 'பெண்ணின் ஏக்கம்' என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள். விட்டுவிடுகிறேன். அவள் பிளாஸ்டிக்கில் வியர்த்து உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.)

5

மதுரையில் அன்று இருந்த ஒரு வழக்கத்தை இங்கே விளக்க வேண்டும். விளங்காவிட்டால் கதை நகராது.

நாடகத்துக்குத் தலைமை தாங்க வருகிற பெரிய மனிதர் எப்போது பேசுவது? ஆரம்பத்தில் என்றால் கூட்டம் வந்திருக்காது. முடிவில் என்றால் கூட்டம் இருக்காது. அதனால் கடைசி அங்கத்துக்கு முந்தின இடைவேளையில் பேச வைப்பார்கள். முடிவு தெரியாமல் யாரும் எழுந்து போக முடியாது. தலைவருக்கு நிறைந்த சபை. அவனியாபுரத்துக்காரர்கள் மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். எந்த நாடகத்திலும் கொலைகாரன் யார் என்று அவனியாபுரத்துக்குத் தெரிந்ததில்லை.

சமூக நாடகத்துக்கு இந்த வழக்கம் சரி. மர்ம நாடகத்துக்கும் அதையே வைத்துக்கொண்டதுதான் தப்பு. அது தப்பு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை; வழக்கம் வழக்கம்தானே.

கொலைகாரன் யார் என்பதைப் பட்டாபிராமன் நடிகர்களிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கும், டாக்டராக நடித்த பள்ளிக்கூட வாத்தியார் சொக்கநாதனுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவர் தலைவர் தனுஷ்கோடி. தாம்பாளத்தில் பழம் வைத்து அழைக்கப் போனபோது, "கதை என்னன்னு சொல்லுங்க. தெரியாம மேடையேறிப் பேசுறவன் நானில்ல" என்றிருந்தார். ஸோபா கொடுத்தவரிடம் எதை மறைப்பது?

மூன்றாம் அங்கம் முடிந்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். தர்மம், ஒழுக்கம், தமிழர் பண்பாடு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

"டாக்டருங்கிறவரு சாமிக்குச் சமானம். அப்பேர்ப்பட்ட டாக்டரே பால்ல விசத்தக் கலந்தா நாடு என்னத்துக்காகும்? நம்ம சொக்கநாதன் வாத்தியாரு அம்புட்டு அமைதியா இருந்துக்கிட்டு, கடைசியில வெலங்கு மாட்டுறப்ப தலையக் குனிஞ்சாரு பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

விசிறிகள் நின்றன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது: "அண்ணே, அது இன்னும் வரல."

தனுஷ்கோடி குரல் வந்த பக்கம் பார்த்தார். பெரிய மனிதர்களுக்குத் தாங்கள் செய்த தவறு மற்றவர்களின் அவசரமாகத்தான் தெரியும்.

"வரும்" என்றார். "பொறுமையா இருந்து பாருங்க."

பாராட்டிவிட்டு, வேலை இருக்கிறது என்று காரேறிப் போய்விட்டார். அவனியாபுரத்துக்காரர்கள் முதல் முறையாகத் திருப்தியோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

6

திரைக்குப் பின்னால், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சொக்கநாதன் சொன்னார்: "பட்டாபி, நான் வெளில தலை காட்டினாலே சிரிக்கறா. மாட்டிக்கறதுக்கு முன்னாடியே நான் மாட்டிண்டாச்சு. எனக்கு வேண்டாம் இந்தக் கொலை."

பட்டாபிராமன் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாடகம் அவருடைய பிள்ளை மாதிரி. பிள்ளையைத் தெருவில் வைத்து அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள்.

"வேற யாரையாவது கொலைகாரனாக்கிட்டா?" என்றார் மெதுவாக. சுற்றிப் பார்த்தார். பார்வை சுருளியிடம் போய் நின்றது.

"அண்ணே, இங்கிட்டுப் பாக்காதீங்க" என்றான் சுருளி. "அலங்காநல்லூர்ல இருந்து எங்க ஆளுக வந்து உக்காந்திருக்காக. பணக்காரன் வீட்டுல ஒண்ணு காணாமப் போனாலும் எங்க மேலதான் போடுவீங்க, செத்துப் போனாலும் எங்க மேலதானா? நா வாரேன், நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

"இருடா, போயிடாதே. கூஜாவை யார் எடுத்துண்டு வருவா?"

செத்தவனுடைய தம்பியாக நடித்தவர் ஹாலாஸ்யம். நாடகத்தில் தம்பி, ஆபீஸில் பட்டாபிராமனுக்கு மேலதிகாரி. வருஷக் கடைசியில் பட்டாபிராமனைப் பற்றி மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதுகிறவர். அவர் கண்ணாடி முன் நின்று மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த முதுகே போதுமானதாக இருந்தது.

"சார், நான் கொல்றேன்" என்றாள் நாகலக்ஷ்மி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பால் நான்தானே கொண்டுபோனேன். எல்லாரும் பார்த்தா. புதுசா ஒண்ணும் ஜோடிக்க வேண்டாம்."

பட்டாபிராமனுக்குத் தன் கதையின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. அதில் ஒரு ஆளே நுழைந்து நிற்கலாம் என்பதும் தெரிந்தது. அவர் முகம் ஒரு நிமிஷம் பிரகாசமாகி, உடனே அணைந்தது.

"நாகு, ரெண்டாவது வரிசைல யார் உக்காந்திருக்கான்னு தெரியுமோன்னோ?"

"தெரியும்."

"ஆம்படையானுக்குப் பால்ல விஷம் வெக்கற பொண்ணை எந்த மாமியார் ஆத்துக்குள்ள விடுவா?"

"நாடகம்தானே சார்."

"நமக்கு நாடகம். அவாளுக்குப் பொண்ணு பாக்கறது." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "உங்கப்பா முகத்துல நான் முழிக்கணும். தற்கொலைன்னு முடிச்சுடறேன். அவனே விஷம் கலந்துண்டான், மனக்கஷ்டம். நான் வந்து ரெண்டு வார்த்தை சொல்றேன். நீ வழக்கம்போல அழு."

மணி அடித்தது.

7

இந்த இடத்தில் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் வேறு வேலை பார்த்தேன். காரணம், எனக்கு நாகலக்ஷ்மியைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த டைப்பிஸ்ட்டுகள் சொன்னதை அடிப்பார்கள். தற்கொலை என்று சொன்னால் தற்கொலை. அவள் பேசாமல் அழுதுவிட்டு, தாம்பூலம் மாற்றி, திண்டுக்கல்லுக்குப் போயிருந்தால் நமக்கு என்ன? நல்ல வாழ்க்கை. கதைதான் இருக்காது.

கதை வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டேன். எழுத்தாளன் என்கிற ஜாதிக்கு இந்தக் கேள்வி வந்தால், பதிலை முன்னாலேயே வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

திரை உயர்ந்தது. சொக்கநாதன் வந்ததும் கூட்டம் சிரித்தது. "என்னா டாக்டரே, பால் ஆறிப்போச்சா" என்றது பின்வரிசை. இன்ஸ்பெக்டர் மேடையின் நடுவுக்கு வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கனவான்களே. இந்த பங்களாவில் கொலையே நடக்கவில்லை."

மண்டபத்தில் முணுமுணுப்பு. யாரோ முறுக்குப் பொட்டலத்தை மடித்துவைக்கிற சத்தம்.

"இறந்தவர், தாமாகவே"

கிறீச்சென்றது ஸோபா. நாகலக்ஷ்மி எழுந்து நின்றாள். அன்று மாலை மேடையில் அவள் அழுகையை நிறுத்தியது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அவள் என்ன பேசினாள் என்பதை நான் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது: "இந்த மாளிகையின் தங்கக் கூண்டில்" – தூ. அடுத்தது அரைப் பக்கம் வந்தது. அதில் நான் பேசினேன், அவள் பேசவில்லை. கடைசியில், ஒத்திகை இல்லாமல், புத்தியில் இருந்ததை மட்டும் வைத்து ஒருத்தி என்ன சொல்லியிருப்பாள் என்று பார்த்தால் இவ்வளவுதான் மிஞ்சியது:

"இன்ஸ்பெக்டர் சார், தோட்டக்காரனைக் கேட்டீங்க. டாக்டரைக் கேட்டீங்க. என் கொழுந்தனை ரெண்டு தடவை கேட்டீங்க. என்னை ஏன் கேக்கல?"

பட்டாபிராமனின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. "அம்மா, உங்கள் துக்கத்தில்..."

"பால் நான்தான் கொண்டுபோனேன். இங்க இருக்கற அத்தனை பேரும் பார்த்தாங்க. ஒருத்தருக்கும் என்னைக் கேக்கணும்னு தோணலை. நான் அழுதிண்டிருந்தேன். அழறவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மேடையில் யாரும் அசையவில்லை. அசைய வசனம் இல்லை. பட்டாபிராமன் நல்ல எழுத்தாளர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு நிமிஷம் நல்ல நடிகராக இருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. நேராக அவளிடம் போய் நின்றார்.

"சரிம்மா" என்றார். "இப்போ கேக்கறேன். ஏன் செஞ்சீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். சுருளிக்கு என்ன தோன்றியதோ, திரையை இறக்கிவிட்டான். பின்னால் கேட்டதற்கு, "டைப்பிஸ்டம்மாக்கு அதுக்கு மேல வசனம் இல்லல்ல. அதான்" என்றான்.

கைதட்டல் மண்டபத்து ஓட்டுக்கூரைப் புறாக்களைக் கிளப்பிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். புறா மிகை. கைதட்டல் நிஜம்; அந்தக் கைதட்டல் மாதிரி இப்போது எங்கேயும் கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் யாருக்குக் கை தட்டுவார்கள்?

8

இப்போது அகிலாண்டம் எழுந்திருக்கிறாள். விசிறியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மேடைக்குப் பின்பக்கம் வருகிறாள்.

முடிவு ஒன்று. "என் பிள்ளைக்கு ராத்திரி பால் குடிக்கற பழக்கம் உண்டும்மா" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு அகிலாண்டம் போய்விடுகிறாள். வரன் போயிற்று. நாகலக்ஷ்மி டைப்பிஸ்ட்டாகவே ரிடையர் ஆகிறாள். (வாசகர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள்.)

முடிவு இரண்டு. அகிலாண்டம் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "முப்பது வருஷமா நானும்தான் அழுதிண்டிருக்கேன். என்னையும் யாரும் கேக்கலை" என்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பல் கூசுகிறது.)

முடிவு மூன்று. அகிலாண்டம் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. "ஏண்டி, நிஜமாவே நாடகத்துல அப்படித்தான் எழுதியிருந்துதா?" என்கிறாள். "ஆமாம் மாமி" என்கிறாள் நாகலக்ஷ்மி. "அப்போ சரி, அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பூலம்." திண்டுக்கல்லில் இரண்டு குழந்தைகள், ஒரு தையல் மெஷின். (பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

மூன்றையும் திரும்பப் படித்தேன். மூன்றிலும் முடிவைச் சொல்வது அகிலாண்டம்தான். நாகலக்ஷ்மி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் அப்பா அந்த வரனைப் பற்றித் தினமும் சொன்னார். பட்டாபிராமன் அதற்காகப் பயந்தார். அது அவளுக்கு வேண்டுமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் அங்கத்திலிருந்து அவளுக்குப் பக்கத்திலேயே ஸோபாவில் உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

இனிமேல் நான் கேட்டால், எனக்குப் பிடித்த பதிலாக எழுதிக்கொண்டுவிடுவேன். அதனால் நான் எழுந்துகொள்கிறேன்.

நாகலக்ஷ்மி கண்ணாடி முன் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நெற்றியும் ஒரு பக்கத்துக் கன்னமும் ஆகிவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் அகிலாண்டத்தின் மெட்டிச் சத்தம் கேட்கிறது; இன்னும் பத்தடி இருக்கும். பெஞ்சில் இடம் இருக்கிறது. உட்கார்ந்து, அவளை நீங்கள் கேளுங்கள்.